மானுக்குக் கேட்டாச் சரி

கடதாசிப் பெட்டி ஒன்று.
அதற்குள் பதினெட்டுக் குட்டி மோட்டர்,
நூல்கண்டுபோல் சிக்கிய வயர்,
நாற்பது பற்றறி, ஒரேயொரு கத்தரிக்கோல்.
சனிக்கிழமை, திருகோணமலை,
டச்சுக் குடாவின் உப்புக்காற்று
நேரே ஏறிவரும் வாசிகசாலை முற்றம்.

எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தேன்:
‘மின்னோட்டம் என்பது…’
யாழிசைக்குக் கொட்டாவி வந்தது.
ஹம்னா அதற்குள் பெட்டியில் கைவிட்டிருந்தாள்.

பிறகென்ன, தாளை மடித்து வைத்தேன்.
அதையும் யாரோ எடுத்துப்போய்
தன் வண்டிக்குக் கூரை போட்டாள்.

சோடா மூடி சில்லானது.
ஈர்க்கு அச்சானது.
தேயிலைப் பெட்டி உடம்பு.
மெல்வினா தன் தலைமயிர் இறப்பரைக் கழற்றி
மோட்டரையும் சில்லையும் இணைத்தாள்,
விரித்த தலையோடு அன்று முழுக்கத் திரிந்தாள்.

பிரவந்தியின் வண்டி பின்னுக்கு ஓடியது.
‘அக்கா, இதுக்கு என்னோட கோவமா?’
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பிடித்தாள்.
முன்னுக்கு ஓடியது.
திரும்ப மாற்றினாள், பின்னுக்கு.
அரைமணி நேரம் வேறு வேலை இல்லை அவளுக்கு.
போறதும் வாறதும் அதே ரெண்டு வயர்தான் என்று
முற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.
மதிலில் இருந்த காகத்துக்கும் சொன்னாள்.

சஹ்லா மட்டும் தன் வண்டியில்
பெற்றோல் மூடி வரைந்திருந்தாள்.
‘இதுக்குப் பெற்றோல் வேண்டாமே’ என்றேன்.
‘தெரியும் அக்கா, கிடக்கட்டும்.
அந்த வருசம் வாப்பாட ஓட்டோவுக்குள்ள
மூணு ராத்திரி லைனில படுத்தோம்.
எங்கட இலக்கம் இருநூற்றிப் பதினாலு.
நூற்றித் தொண்ணூறோட எண்ணெய் முடிஞ்சிட்டு.’
மூடிக்கு மேலே சின்னதாய்
ஒரு பூட்டும் வரைந்தாள்.

இங்கிருந்து தெரியாது,
ஆனாலும் அந்தப் பக்கம் பார்த்தேன்.
சீனக்குடாவில், காட்டுக்குள்,
துருவேறிய எண்ணெய்த் தாங்கிகள்
பந்தி முடிந்து கவிழ்த்த கிடாரங்கள்போல
வரிசையாய் நிற்கும்.

பந்தயம்.
சுண்ணாம்புக் கோடு.
ஒன்று, ரெண்டு, மூன்று.
ஏழு வண்டி புறப்பட்டது,
ஒரு சத்தமும் இல்லை.
பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை.
பின்னால் குனிந்து ஓடியபடி
வாயாலே ஓட்டினார்கள்
ட்ர்ர்ர்ர்ர்
எச்சில் தெறிக்க.

சஹ்லா ஓட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிவுக் கோட்டில் மான் ஒன்று படுத்திருந்தது.
இந்த ஊர் மான்
யாரையும் கேட்டுப் படுப்பதில்லை.
சஹ்லாவின் வண்டி பூனைபோல் போய்
அதன் விலாவில் முட்டியது.
மான் திரும்பியது.
மணந்து பார்த்தது.
முதலில் கூரையைத் தின்றது,
‘மின்னோட்டம் என்பது’ முழுவதையும்.
பிறகு பெற்றோல் மூடியை, பூட்டோடு.

சிரித்துச் சிரித்து
யாழிசைக்கு விக்கல் எடுத்தது.
சஹ்லா சிரிக்கவில்லை.
‘வந்தது இதுக்குக் கேக்கவேயில்ல.
உண்மையான வண்டிக்கு என்ன செய்வாங்க?’
‘ஸ்பீக்கர் பூட்டுவாங்க. பொய்ச் சத்தம் போடும்.’
‘பொய்யா?’
கொஞ்சம் யோசித்தாள்.
‘பொய்யெண்டாலும் மானுக்குக் கேட்டாச் சரி.’

கூரை போன வண்டியில்
ஒரு தகரத் துண்டைச் செருகினாள்.
ஒவ்வொரு சுற்றுக்கும் சில்லு அதைத் தட்டியது.
கிலுக். கிலுக். கிலுக்.
மான் காதை மட்டும் அசைத்தது.
பிறகு, பெரிய மனது பண்ணி, எழும்பியது.

இரவு வீடு திரும்புகிறேன்,
மின்சார ஸ்கூட்டரில்.
உவர்மலை ஏற்றத்தில் தெருவிளக்கு இல்லை.
என் வண்டியின் மௌனத்தை
இதுவரை நான் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன்.
வளைவில் கண்கள் மினுங்கின.
ரெண்டு, நாலு, ஒன்பது,
ஏதோ ஒன்று பக்கவாட்டில் பார்க்கிறது.

ஹோர்ன் அடிக்கலாம்.
அடிக்கவில்லை.
முன்னும் பின்னும் பார்த்துவிட்டு,
முப்பத்தொரு வயதில்,
உதட்டைக் குவித்து
ட்ர்ர்ர்ர்ர்.